நீர் இறங்க, கோடு ஏறலாமா?

நுழையும்முன்

எண்கள் சரியாக இருந்தும் அவற்றைக் காட்டும் வரைபடம் பிழைபட்டால் முடிவு தவறாகிவிடும். வரைபடத்தின் அச்சுகளைச் செம்மைப்படுத்தும் முறையை நெய்வேலியின் நிலத்தடி நீர்வழி இப்பாடம் விளக்குகிறது.

நிலக்கரிக்கு அடியில் நீர்

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 1956ஆம் ஆண்டு பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கப்பெற்றது. அங்கு நிலக்கரிப் படிவத்தின் அடியில் நீர் மிகுந்த அழுத்தத்துடன் உள்ளது. அவ்வழுத்தத்தைக் குறைக்காமல் தோண்டினால், சுரங்கத்தின் தரையைப் பிளந்து நீர் மேலெழும். ஆகவே, ஆழ்துளைக் கிணறுகளின்வழி அந்நீர் இரவுபகலாக இறைக்கப்படுகிறது. சுற்றியுள்ள உழவர்களும் நிலத்தடி நீரையே நம்பி வாழ்கின்றனர். எனவே, நீர்மட்ட வரைபடம் இருசாரார்க்கும் இன்றியமையாதது.

தலைகீழாகும் பொருள்

ஒரு கிணற்றின் நீர்மட்டம் தரையிலிருந்து 20 மீட்டர் ஆழத்தில் இருந்து, பின்னர் 26 மீட்டருக்கு இறங்கியதாகக் கொள்வோம். சுழியம் கீழே உள்ள செங்குத்து அச்சில் இதனை வரைந்தால் கோடு மேலேறும். நீர் வற்ற, படமோ நீர் பெருகியதாகக் காட்டும்! சுழியத்தை உச்சியில் வைத்து, எண்கள் கீழ்நோக்கி வளருமாறு அச்சைத் திருப்புதல் வேண்டும். கணினியில் இவ்வாறு திருப்பும்போது கிடைமட்ட அச்சும் உச்சிக்குச் செல்வதுண்டு. அதனைப் பிழையெனக் கருத வேண்டா, அக்கோடே தரைமட்டம்.

காலமும் தொடக்கமும்

மத்திய நிலத்தடி நீர் வாரியம் ஆண்டுக்கு நான்கு முறை நீர்மட்டத்தை அளக்கிறது. ஜனவரி, மே, ஆகஸ்டு, நவம்பர் ஆகிய மாதங்களில் எடுத்த அளவுகளைச் சம இடைவெளியில் குறித்தல் தவறு. ஜனவரி முதல் மே வரை நான்கு மாதம். நவம்பர் முதல் ஜனவரி வரை இரண்டே மாதம். நெடுங்காலத்தைச் சுருக்கினால் கோடைச் சரிவு உள்ளதைவிடச் செங்குத்தாகத் தோன்றும். மாதங்களின் எண்ணிக்கைக்கேற்ப இடைவெளி விடுக.

பட்டை வரைபடத்தின் அச்சு சுழியத்தில் தொடங்க வேண்டும். மேற்கண்ட ஆழங்களை 18இல் தொடங்கி வரைந்தால் பட்டைகளின் நீளம் 2, 8 என அமையும், 1.3 மடங்கு வேறுபாடு நான்கு மடங்காகத் தெரியும். கோட்டு வரைபடத்தில் சுழியம் கட்டாயமன்று. ஆயினும் அளவுத்திட்டத்தைத் தெளிவாகக் குறித்தல் வேண்டும்.

அமைப்பு

அச்சின் பெயரையும் அலகையும் எழுதுக. மாதப் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்தால் படத்தை அகலப்படுத்துக. கோடுகள் பலவாயின், ஒவ்வொன்றின் பெயரையும் அதனதன் முனையருகே இடுக.

வரைபடம் காண்பவர் முதலில் நோக்குவது கோட்டை. நோக்க வேண்டியதோ அச்சை.

கற்பவை கற்றபின்

உங்கள் ஊர்க் கிணறு ஒன்றின் நீர்மட்டத்தை மாதந்தோறும் அளந்து, அச்சைத் திருப்பியும் திருப்பாமலும் வரைக. இரண்டையும் பெரியோரிடம் காட்டி, அவர்கள் கொள்ளும் பொருளை வகுப்பில் கலந்துரையாடுக.