மரத்தொழிலும் பிறநாட்டு முதலும்

பிறநாட்டு முதலால் ஒரு நாட்டின் கைத்தொழில் வளருமோ, தளருமோ என்னும் வினா நெடுநாளாக வழங்குவதொன்று. நாற்காலி, மேசை, கட்டில் முதலிய மரச்சாமான்களைச் செய்யும் தொழிலைக் கொண்டு அவ்வினாவை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

மரச்சாமான் இடத்தை மிகுதியாக அடைக்கும் பண்டமாகும். பொருத்தி முடித்த நாற்காலியைக் கப்பலேற்றுவோன், அதன் கால்களினிடையே உள்ள வெற்றிடத்திற்கும் கூலி கொடுக்கின்றான். சுவீடன் நாட்டு ஐக்கியா நிறுவனம் 1956-ஆம் ஆண்டில் சாமான்களைப் பகுதி பகுதியாகத் தட்டைப் பெட்டிகளில் அடைத்து விற்கத் தலைப்பட்டது இக்குறையை நீக்கவே. இம்முறையில் ஓரிடத்தில் அறுத்த பலகையும் மற்றோரிடத்தில் துளையிட்ட காலும் மயிரிழையும் பிசகாது பொருந்துதல் வேண்டும். ஈரம் நீங்காத மரமோ பின்னர்ச் சுருங்கும், வளையும், வெடிக்கும். ஆதலின் மரத்தை வெப்ப அறையிலிட்டு, ஈரத்தை நூற்றுக்குப் பத்து என்னும் அளவிற்கு இறக்குவர். அவ்வறைக்கும், அளவு தவறாது அறுக்கும் இயந்திரங்களுக்கும் பெரும்பொருள் வேண்டும். ஊர்த்தச்சரிடம் கைத்திறன் உண்டு; அப்பொருள் இல்லை. பிறநாட்டு முதல் புகும் வாயில் இதுவே.

வியட்நாம் நாடு இதற்கு நல்லதோர் எடுத்துக்காட்டு. 2005-ஆம் ஆண்டு சீனத்து மரப் படுக்கையறைச் சாமான்கள்மீது அமெரிக்க ஐக்கிய நாடு தனிவரி விதித்தது. சீனத்தில் ஆலை நடத்திய தைவான் முதலாளிகள் பலர் ஹோ சி மின் நகரை அடுத்த இடங்களில் புதிய ஆலைகளை நிறுவினர். 2007-இல் அந்நாடு உலக வணிக அமைப்பிற் சேர்ந்தது, ஏற்றுமதியும் பெருகியது. எனினும் முதல் ஒன்றே அவ்வளர்ச்சியைத் தந்ததென்பது பொருந்தாது. குன்றுகளிற் சிறு குடியானவர் நட்டு வளர்த்த அக்கேசியா மரம் ஆலைகளுக்கு அடியுரமாயிற்று.

இனி நம் நாட்டை நோக்குவாம். ஒரே வணிகக்குறியுடைய சில்லறை வணிகத்தில் முழு அளவில் பிறநாட்டு முதலிட 2012-இல் இந்திய அரசு இசைந்தது. முதலிற் பாதிக்கு மேல் பிறநாட்டாரதாயின், கொள்முதலில் நூற்றுக்கு 30 பங்கு இந்தியாவிலேயே ஆதல் வேண்டுமென்பது விதி. ஏற்றுமதிக்கு வாங்குவதையும் அப்பங்கில் கணக்கிடலாமென 2019-இல் அது தளர்த்தப்பட்டது. ஐக்கியாவின் முதற் கடை 2018-இல் ஐதராபாத்தில் திறக்கப்பெற்றது. 2022 மார்ச்சுத் திங்களில், தூத்துக்குடியில் 1,100 ஏக்கருக்கு மேற்பட்ட பன்னாட்டு மரச்சாமான் பூங்காவிற்கு அடிக்கல் நாட்டப்பெற்றது.

நம் பொன்னேரிப் பகுதிக்கும் இத்தகைய தொழிலுக்கு வேண்டும் வசதிகள் உண்டு. எண்ணூர்க் காமராசர் துறைமுகமும் காட்டுப்பள்ளித் துறைமுகமும் அண்மையில் உள்ளன. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை உளது. சென்னை–பெங்களூருத் தொழில்வழித் திட்டத்திற் பொன்னேரியும் ஒரு மையமாகக் குறிக்கப்பட்டுள்ளது. ஆயினும் நிலமும் துறைமுகமும் மட்டும் இருப்பின், பிறநாட்டிலிருந்து வந்திறங்கும் பகுதிகளைத் திருகாணியிட்டு முடுக்கும் கூலிகளாகவே நம் தச்சர் நின்றுவிடுவர். அம்முதலாளி கூலி குறைந்த வேறிடம் கண்டு பெயர்ந்து செல்லும் நாளில், ஈண்டு எஞ்சுவது வெற்றுக் கொட்டகையே.

இதற்கு மாற்று யாது? தச்சர் பலர் கூட்டுறவாகச் சேர்ந்து பொது உலர்த்தும் அறையொன்றை அமைத்தல் ஒன்று. தொழிற்பயிற்சி நிலையங்களில் உளியோடு அளவுக்கருவியையும் இயந்திரத்தையும் பயிற்றுதல் மற்றொன்று. மூன்றாவது மரவளம். ஆலைகள் தமக்கு வேண்டும் மரத்தைக் காட்டினின்று எதிர்பாராது உழவரைக் கொண்டு வளர்த்துக்கொள்ள வேண்டுமென 1988-ஆம் ஆண்டுத் தேசிய வனக்கொள்கை கூறுகின்றது. மலைவேம்பு போன்ற மரங்களை நடும் உழவர்க்கு முன்னரே விலையுறுதி அளிப்பின், ஆலைக்கும் மரம் கிட்டும், காடும் பிழைக்கும்.

ஆகவே, பிறநாட்டு முதல் வெறுக்கத்தக்கதும் அன்று. கைகூப்பி வரவேற்றுவிட்டு வாளாவிருக்கத்தக்கதும் அன்று. அம்முதல் பெயர்ந்து போயினும் போகாதன, கற்ற தொழிலும் நட்ட மரமும் கூடி வாழும் ஒற்றுமையுமே. நம் ஆண்டவர் நாசரேத்தூரில் தச்சராய் உழைத்தாரென்று போற்றும் நாம், நம் ஊர்த் தச்சரின் கைக்கு அவை மூன்றும் கிட்டச் செய்தல் கடனன்றோ?