தேனீயின் வசிப்பிடம்

திருக்குர்ஆனின் 16ஆம் அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கியது. இறைவன் தேனீக்கு அறிவித்தவற்றுள் முதலில் வருவது வசிப்பிடம்; கனிகளும் தேனும் அதன் பின்னரே. மலை, மரம் ஆகியவற்றோடு மனிதர் எழுப்புவனவும் அவ்வசிப்பிடங்களுள் அடங்கும். இவ்வரிசை ஆழ்ந்து சிந்திக்கத் தக்கது.

அமெரிக்காவின் சதர்ன் ஓரிகன் பல்கலைக்கழகம் 2015இல் ‘பீ கேம்பஸ்’ என்னும் தகுதியை முதன்முதலாகப் பெற்றது. இத்தகுதி பெறும் கல்விக்கூடங்கள் உள்ளூர்ச் செடிகளை வளர்க்கவும் பூச்சிக்கொல்லிகளைக் குறைக்கவும் உறுதியளிக்கின்றன.

தேன்பெட்டிகளை வைத்தால் போதாதா எனச் சிலர் வினவலாம். போதாது. பெட்டியில் வளரும் தேனீ அங்கு 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியர் கொண்டுசென்ற இனம். அம்மண்ணுக்கே உரிய தேனீக்களோ ஏறத்தாழ 3,600 இனங்கள். அவற்றுள் பெரும்பாலானவை தனித்து வாழ்பவை, தேனைச் சேமிப்பதில்லை, ஆயினும் மகரந்தச் சேர்க்கைக்கு இன்றியமையாதவை. பத்தில் ஏழு பங்கு இனங்கள் வெற்று மண்ணில் வளை தோண்டுகின்றன; ஏனையவை உலர்ந்த தண்டுகளிலும் மரத்துளைகளிலும் முட்டையிடுகின்றன. பெட்டித் தேனீக்கள் மிகுந்தால் பூக்களுக்கான போட்டியில் இவை நலிவுறும்.

ஆகவே வெற்று மண்ணையெல்லாம் புல்தரையாக்குவதும் உலர்ந்த தண்டுகளை உடனே அகற்றுவதும் இவற்றின் இல்லங்களை இடிப்பதாகும். வளாகத்தில் சிறிது வெற்றுநிலத்தை விட்டுவைப்பதும், பருவந்தோறும் பூக்கும் உள்ளூர்ச் செடிகளை நடுவதுமே உண்மையான பாதுகாப்பு.

தேனீயைக் கொல்வதை நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் அபூதாவூதில் உள்ளது. கையால் கொல்லாதவர், தூய்மையின் பெயரால் அதன் வசிப்பிடத்தை அழித்துவிடலாகாது. நம் கல்விக்கூடங்களும் மனிதர் எழுப்பியவையே. அங்கும் அதற்கோர் இடம் உண்டு.