துணையறிந்து சொல்லாடுவோம்

இஃப்தாரைப் பற்றி ஆங்கிலத்தில் இரண்டு வரி எழுதுமாறு உங்கள் பிள்ளையிடம் சொல்லிப் பாருங்கள். 'நோன்பு திறந்தோம்' என்பதற்கு 'ஓபன்' என்றே எழுதக்கூடும். பிள்ளையின் மீது குறையில்லை. நம் நாட்டு ஆங்கிலத்தில் அது வழங்கவே செய்கிறது. ஆயினும் பொது ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்னும் சொல்லுக்குத் துணை 'பிரேக்' என்பதே. காலை உணவுக்குரிய 'பிரேக்ஃபாஸ்ட்' பிறந்ததும் இவ்விணையிலிருந்துதான்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. நமக்கு நோன்பு திறத்தல் வேறு, நோன்பை முறித்தல் வேறு. மஃரிபு நேரம் வந்ததும் பேரீச்சம்பழம் உண்பது முன்னது. பகலில் வேண்டுமென்றே உண்பது பின்னது. ஆங்கிலமோ இரண்டுக்கும் 'பிரேக்' என்றே சொல்லும். நோன்பு திறந்தவர் முறித்தவராகத் தோன்றிவிடலாம் அல்லவா? 'வீ ப்ரோக் அவர் ஃபாஸ்ட் அட் சன்செட்' என நேரத்தையும் சேர்த்தெழுதினால் ஐயமில்லை.

நோன்பு நோற்பதற்குக் 'கீப்' அல்லது 'அப்சர்வ்', ஹஜ்ஜுக்குப் 'பெர்ஃபார்ம்', மருந்துக்கு 'ஈட்' அன்று, 'டேக்'. பெருமழை 'ஹெவி' ஆகும்; தேநீரோ 'ஸ்ட்ராங்'. ஏனென்று இலக்கணம் சொல்லாது, வழக்கே சட்டம்.

இவ்விணைகளுக்குக் 'கொலொகேஷன்' என்னும் பெயரை மொழியியலில் நிலைபெறச் செய்த ஜே.ஆர். ஃபிர்த், 1919 முதல் 1928 வரை லாகூரில், பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர்.

பிள்ளைகள் குறிப்பேட்டில் 'மிஸ்டேக்' என்று தனிச்சொல்லாக எழுதாமல், 'மேக் எ மிஸ்டேக்' என்று துணையோடு எழுதட்டும். அருகிலேயே சொந்த வாக்கியம் ஒன்றும் இருக்கட்டும்.