பாலையில் முடியும் நன்னீர்

அங்கோலா நாட்டு மேட்டுநிலங்களில் பிறந்து, தென்கிழக்கே திரும்பி, நமீபியாவின் குறுகிய நிலத்துண்டு ஒன்றைக் கடந்து, போட்ஸ்வானாவில் பிரவேசித்ததும் கலஹாரி மணற்பரப்பில் பல கிளைகளாகப் பிரிந்து, எந்தச் சமுத்திரத்தையும் சேராமல் முடிந்துவிடுகிற ஒகவாங்கோ நதியின் நீளம் ஏறக்குறைய 1,600 கிலோமீட்டர். பூமியின் மேலோடு பிளந்து தாழ்ந்த பள்ளத்தில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் பரப்புக்கு அது விரிந்து நிற்கிறது.

அங்கோலாவில் நவம்பர் முதல் மார்ச் வரை பெய்யும் மழை, ஏறத்தாழச் சமதளமான அந்தப் பரப்பில் கோரைகளுக்கிடையே மெல்ல ஊர்ந்து, தென்கோடியிலுள்ள மாவுன் நகரை எட்டுவதற்குள் ஜூன், ஜூலை ஆகிவிடுகிறது. அப்போது அங்கே மழை அறவே இல்லாத பருவம். யானைகளும் மான்கூட்டங்களும் தாகத்தால் தவிக்கும் அந்த வேளையில்தான் வெள்ளம் வந்து சேர்கிறது.

ஆயினும், என்னை எல்லாவற்றினும் அதிகமாக வியக்கச் செய்வது அந்த நீரின் சுவையே. கடலுக்கு வடியாமல் பாலையில் நின்று ஆவியாகும் நீர், தான் கொண்டுவந்த உப்பை விட்டுச் செல்வதால் நாளடைவில் அந்த இடம் உவர்நிலமாக மாறுவதே இயற்கையின் நியதி. தென்கிழக்கே சற்றுத் தொலைவில் பரந்து கிடக்கும் மாக்காடிகாடி உப்புப்படுகைகளே அதற்குச் சாட்சி. ஒகவாங்கோவின் வெள்ளமோ பெரும்பகுதி ஆவியாகியும் நன்னீராகவே இருக்கிறது. காரணம், கறையானும் மரமும் சேர்ந்து செய்யும் தொழில். நீர்மட்டத்திற்கு மேல் எழும் புற்றுகளில் பறவைகள் வந்தமர, அவற்றின் எச்சத்தோடு விழும் விதைகள் முளைத்து மரங்களாகி, புற்று ஒரு தீவாக வளர்கிறது. விளிம்பிலுள்ள மரங்களின் வேர்கள் சுற்றியுள்ள நீரை உறிஞ்ச, எஞ்சும் உப்பு தீவின் நடுமண்ணில் போய்ச் சேர்கிறது. அதனாலேயே அங்குள்ள பல தீவுகள், ஓரத்தில் அடர்ந்த தோப்பும் நடுவில் புல்லும் முளையாத வெண்களருமாகக் காட்சியளிக்கின்றன.

உப்பு இவ்வாறு ஓரிடத்திலேயே என்றென்றும் குவியாதபடி காப்பது மணல். வெள்ளம் உருட்டிவரும் மணல் வாய்க்கால்களை மேடாக்கித் தூர்க்க, பாப்பிரஸ் கோரை இருபுறமும் நெருக்க, நீர் வேறு வழி தேடுகிறது. நீர்யானைகள் நடந்து தேய்த்த தடங்களே பல சமயம் அந்தப் புதுவழிகளாகின்றன. கைவிடப்பட்ட பகுதி வறண்டதும், அங்கே பெய்யும் மழை பழைய உப்பைக் கரைத்து மண்ணின் ஆழத்திற்கு இறக்கிவிடுகிறது.

மூன்று அரசுகளும் 1994-இல் இந்நதிக்கென ஒரு கூட்டு ஆணையத்தை நிறுவின. 2014-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களின் பட்டியலில் ஆயிரமாவது இடம் இவ்விடத்திற்குக் கிடைத்தது. நதியின் மேற்பகுதியில் அணை கட்டலாமா என்ற கேள்வி எழும்போதெல்லாம், எவ்வளவு நீர் குறையும் என்பதையே பலரும் கணக்கிடுகிறார்கள். எனக்கோ மணலைப் பற்றிய கவலையே பெரிதாகப்படுகிறது. ஏனெனில், நீரை ஒரு சொட்டும் குறையாமல் திறந்துவிடும் அணைகூட மணலைத் தன் காலடியில் நிறுத்திக்கொள்ளும். மணல் வராவிட்டால் வாய்க்கால்கள் இடம் மாறா. வாய்க்கால்கள் இடம் மாறாவிட்டால் தீவுகளின் உப்பு கரைந்து இறங்க வழியில்லை.