ஒற்றியும் லீசிங்கும்

காணியை வைத்துப் பட்ட கடனுக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் சொற்கள் மிகவும் துல்லியமானவை. ஈடு என்றால் காணி உடையவனிடமே இருக்கும். அவன் வட்டி கட்டி வருவான். அறுதி என்றால் காணி கைமாறி முடிந்துவிட்டது, அதன்மேல் பேச்சில்லை. இவ்விரண்டுக்கும் நடுவே ஒற்றி என்று ஒன்று உண்டு. கடன் கொடுத்தவன் காணியைத் தன் கையில் எடுத்து, அதன் விளைவை வட்டிக்குப் பதிலாக அனுபவிப்பான். முதலைத் திருப்பிக் கொடுத்த அன்று காணி உடையவனிடம் மீளும். ஒல்லாந்தர் காலத்தில், 1707ஆம் ஆண்டில், கிளாஸ் ஐசாக்ஸ் என்னும் அதிகாரி தொகுத்தளித்த தேசவழமையிலே ஒற்றி பற்றிய விதிகள் இடம்பெற்றிருக்கின்றன. பனங்காணி ஒன்று ஒற்றிக்குப் போனால் ஓலையும் நுங்கும் பழமும் யாரைச் சேரும் என்பதில் நம் முன்னோர் மயங்கியதில்லை.

இத்தகைய சொற்களைக் கைவசம் வைத்திருந்த நாம், இன்று ஒரு புதுச்சொல்லின் முன்னே சற்றுத் தடுமாறி நிற்கிறோம். அந்தச் சொல் லீசிங். 1980இல் ஜப்பானிய ஓரிக்ஸ் நிறுவனத்தின் பங்களிப்போடு லங்கா ஓரியன்ற் லீசிங் கொழும்பில் தொடங்கியபோது இம்முறை இலங்கைக்குப் புதிது. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்கச் சட்டம் இதற்கென்றே இயற்றப்பட்டது. 2009இல் போர் முடிந்து, கண்டி வீதி திறந்தபின், யாழ்ப்பாண நகரத்தில் நிதி நிறுவனங்களின் பெயர்ப்பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறின. முச்சக்கரவண்டி, மோட்டார் சைக்கிள், உழவு இயந்திரம் என்று தொடங்கிய பழக்கம் இப்போது சம்பளக்காரரின் முற்றத்திலே காராக வந்து நிற்கிறது.

லீசிங்கை எழுத்துத் தமிழில் குத்தகை என்கிறார்கள். இது மயக்கத்தைப் பெருக்குகிறதேயன்றிக் குறைக்கவில்லை. தோட்டத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் காலம் முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுக்கிறான். கனடாவிலிருந்து விடுமுறைக்கு வரும் உறவினர் லீஸ் என்று சொல்வதும் ஏறக்குறைய அதையே. அங்கே மூன்று நான்கு ஆண்டுகள் காரை ஓட்டி, ஆண்டுக்கு இத்தனை கிலோமீற்றர் என்ற வரம்புக்குள் நின்று, முடிவிலே வண்டியைக் கடைக்காரனிடம் ஒப்படைத்துவிடலாம். நம்மூரில் வழங்கும் லீசிங்கில் ஒப்படைக்கும் பேச்சே கிடையாது. கடைசித் தவணை கட்டியதும் கார் நம்முடையதாகிவிடுகிறது. ஆகவே கனடா மைத்துனர் "லீஸ் நல்லது" என்றாலும் "லீஸ் கூடாது" என்றாலும் அவ்விரண்டும் நம் கணக்குக்கு உதவா. அவர் வேறொன்றைப்பற்றிப் பேசுகிறார்.

நம்முடைய லீசிங் உண்மையில் ஒற்றியைத் தலைகீழாகத் திருப்பியது போன்றது. ஒற்றியில் உரித்து கடனாளியிடம், அனுபவம் கடன் கொடுத்தவனிடம். லீசிங்கில் அனுபவம் கடனாளியிடம், உரித்து கடன் கொடுத்தவனிடம். காரின் பதிவுப் புத்தகத்தைத் திறந்து பார்த்தால் நம் பெயரோடு, முழுமையான உரிமையாளர் என்ற இடத்திலே நிறுவனத்தின் பெயரும் இருக்கும். தவணை தவறினால் வண்டியைக் கொண்டுபோகும் வலிமை அந்த ஒரு வரியிலிருந்தே பிறக்கிறது. இன்னுமொரு வேற்றுமை உண்டு. அதுவே நம் கணக்குக்கு முக்கியமானது. ஒற்றி வைத்த காணி பத்தாண்டு கழித்தும் காணியாகவே மீளும். லீசிங்கில் எடுத்த கார், கடன் தேயத் தேயத் தானும் தேய்ந்துகொண்டு வருகிறது.

இதையெல்லாம் நான் எழுத நேர்ந்தது என் பழைய மாணவர் ஒருவராலும் அவர் மனைவியாலுந்தான். இருவரும் ஆசிரியர்கள். கோண்டாவிலில் குடியிருந்து, ஒருவர் வடமராட்சிக்கும் மற்றவர் தென்மராட்சிக்கும் நாள்தோறும் போய் வருகிறார்கள். நான்கு வயதுப் பெண்குழந்தை ஒன்று உண்டு. விற்பனை நிலையமொன்றில் எழுதித் தந்த கடதாசியை என் மேசையிலே விரித்து வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"சேர், காரின்ர விலை அறுபது லட்சம். முப்பது நாங்கள் கட்டினால் மிச்சம் முப்பதுக்கு லீசிங் தருவினம். மாதம் எழுபதினாயிரந்தான் சேர், அஞ்சு வருசம். வட்டியும் எட்டு வீதந்தான். ரியூசனும் எடுக்கிறம், கட்டிப்போடலாம்."

"அந்த முப்பது எங்கேயிருந்து வருது தம்பி?" என்றேன்.

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி நிலத்தைப் பார்த்தார். சாவகச்சேரிப் பக்கத்தில் அவருக்குத் தாயார் எழுதிக்கொடுத்த சீதனக் காணி ஒன்று இருக்கிறது. அதை அறுதியாக விற்பதென்று பேச்சு. தேசவழமைப்படி அந்தக் காணி அவருடையது. விற்பதற்குக் கணவரின் சம்மதம் வேண்டும். இங்கே சம்மதம் கணவரிடம் தாராளமாக இருந்தது. மனைவியிடந்தான் குறைவாக இருந்தது.

முதலிலே அந்த எட்டு வீதத்தை எடுத்துக்கொண்டேன். 30 இலட்சத்துக்கு எட்டு வீதம் ஆண்டுக்கு 2,40,000 ரூபா. ஐந்தாண்டுக்கு 12 இலட்சம். முதலும் வட்டியுமாக 42 இலட்சத்தை 60 மாதத்தால் வகுத்தால் 70,000. கடதாசியில் பிழையில்லை. ஆனால் இந்தக் கணக்கு, ஐந்தாண்டும் முழு முப்பது இலட்சமும் நம் கையில் கடனாக நிற்பதாகப் பாவித்து வட்டி போடுகிறது. உண்மையிலோ முதல் மாதத்திலிருந்தே நாம் முதலையும் சேர்த்துத் திருப்பிக் கட்டிவருகிறோம். ஐந்தாண்டிலும் சராசரியாக நம்மிடம் நிற்கும் கடன் ஏறத்தாழ 17 இலட்சந்தான். 17 இலட்சத்துக்கு ஆண்டுக்கு 2,40,000 ரூபா வட்டி என்றால் அது 14 வீதத்துக்கும் சற்று மேல். எட்டு என்று எழுதியிருப்பது பதினான்கு. நிறுவனங்கள் ஓர் இலட்சத்துக்கு மாதம் இவ்வளவு என்று சொல்லும் வழக்கமும் உண்டு. இங்கே அது 2,333 ரூபா. அவ்வாறு கேட்கும்போது வட்டி என்ற சொல்லே காதில் விழுவதில்லை.

இதிலே இன்னொரு நுட்பமும் இருக்கிறது. முதல் மாதம் கட்டும் 70,000 ரூபாவில் பாதிக்கு மேல், 35,000 ரூபாவுக்குச் சற்றுக் கூடவே, வட்டிக்குப் போய்விடுகிறது. ஓராண்டில் 8,40,000 ரூபா கட்டியபின் கடன் எவ்வளவு குறைந்திருக்கும் என்று கேட்டேன். "ஆறு லட்சம்?" என்றார் மாணவர். கணக்குப் பார்த்தால் நாலரை இலட்சத்துக்கும் சற்றுக் குறைவு. இரண்டாம் ஆண்டு முடிவில், 16,80,000 ரூபா கட்டிய பின்னரும், 20 இலட்சத்துக்கு மேல் நிலுவை நிற்கும். இடையிலே காசு கிடைத்து ஒரேயடியாக முடித்துவிடலாம் என்று எண்ணுவோர், முன்கூட்டி முடித்தால் எவ்வளவு கேட்பார்கள் என்பதைக் கையெழுத்திடுமுன் எழுத்திலே பெற்றுக்கொள்ள வேண்டும். மாதவாரியாக முதலும் வட்டியும் பிரித்த அட்டவணையையும் கேட்டு வாங்கலாம். கொடுக்கத் தயங்குமிடத்தில் நாமும் தயங்குவது நல்லது.

இனிக் கார். காணி விற்ற 30, தவணைகள் 42, ஆகமொத்தம் 72 இலட்சம். ஐந்தாண்டு கழித்து அந்தக் காரை 36 இலட்சத்துக்கு விற்க முடிந்தால், ஐந்தாண்டு ஓட்டியதற்கு உண்டான செலவு 36 இலட்சம், மாதம் 60,000, நாளொன்றுக்கு 2,000 ரூபா. கார் வேப்பமரத்தடியிலே அசையாமல் நின்றாலும் இந்த 2,000 ரூபா செலவாகிக்கொண்டே இருக்கும். பெற்றோல், முழுக் காப்புறுதி, வருமான அனுமதிப்பத்திரம், பராமரிப்பு எல்லாம் இதற்குப் புறம்பு. பள்ளிக்கூட நாட்கள் ஆண்டுக்கு 200 என்று கொண்டால், ஒவ்வொரு பள்ளி நாளுக்கும் 3,600 ரூபா விழுகிறது. வடமராட்சிக்குப் போகும் 750ஆம் இலக்க பஸ்ஸில் ஏறும் ஆசிரியர் இந்தத் தொகையை ஒருமுறை மனத்திலே நிறுத்திப் பார்க்கட்டும்.

"ஆனால் சேர், கார் விலை இறங்காது. எங்கட பக்கத்து வீட்டுக்காரர் 2019இல எடுத்த காரை, எடுத்த விலைக்கு மேலே வித்தவர்."

அவர் சொன்னது பொய்யன்று. இந்தக் காலத்து ஆசையின் வேர் இங்கேதான் இருக்கிறது. 2020 மார்ச்சில், அந்நியச் செலாவணி நெருக்கடியினால், அரசாங்கம் வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அந்தத் தடை நீங்கியது 2025 பெப்ரவரியிலேதான். ஐந்தாண்டு காலம் நாட்டிலிருந்த கார்களோடு நாடு ஓடியது. அதற்கிடையே 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவரை ஏறிற்று. பொருள்கள் யாவும் விலையேறின. பழைய கார்களும் ஏறின. 2019இல் நிலையான தவணைக்குக் கையெழுத்திட்டவர், மதிப்புக் குறைந்த ரூபாவிலே பழைய கடனைக் கட்டிக்கொண்டு, விலையேறிய காரிலே பவனி வந்தார். மேற்சொன்ன கணக்கையே அவருக்குப் போட்டுப் பாருங்கள்: 72 இலட்சம் செலவழித்து, 70 இலட்சத்துக்கு விற்றால், ஐந்தாண்டு கார் ஓட்டியதற்குச் செலவு வெறும் 2 இலட்சம்! அவருக்கு லீசிங் பேரின்பமாகத் தோன்றியதில் வியப்பென்ன?

ஆயின் அவருக்கு இலாபம் தந்தது லீசிங் அன்று. ஒரு நாடு பெற்றோலுக்கும் எரிவாயுவுக்கும் வரிசையில் நின்ற கேடுகாலமே தந்தது. அதே 2022 ஏப்ரலில் மத்திய வங்கி தன் கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 வீதப் புள்ளிகள் உயர்த்தியது. அந்த வேளையில் புதிதாக லீசிங் எடுத்தவரின் கதையைப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லமாட்டார். இன்று கப்பல்களில் கார்கள் மீண்டும் வந்திறங்குகின்றன. இலங்கையில் புதுக் காரின் விலையிலே பெரும்பங்கு வரி. வரியை வர்த்தமானி தீர்மானிக்கிறது. ஒரு வர்த்தமானி வரியைக் கூட்டினால் நம் முற்றத்துக் கார் விலையேறும், குறைத்தால் இறங்கும். கடன் எவ்வளவு கொடுக்கலாம் என்பதும் அவ்வாறே; 2015இல் வாகனப் பெறுமதியின் 70 வீதம் என்று மத்திய வங்கி வரம்பிட்டது, பின்னர் பலமுறை மாற்றியது. இத்தகைய ஒன்றைக் காணிக்கு நிகரான சொத்து என்று எண்ணிக் காணியைக் கொடுத்து வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. இதை அவர்களிடம் ஒளிக்காமல் சொன்னேன்.

யாழ்ப்பாணத்தார் காரைச் சொத்தாக நினைப்பதற்கு வேறொரு பழைய காரணமும் உண்டு. நம்மவர் காரை விற்பதில்லை, வைத்திருப்பார்கள். 1990களில் பொருளாதாரத் தடையால் பெற்றோல் மருந்துபோல் அரிதாகியபோது, ஒஸ்ரின் கேம்பிரிச்சும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கிளப்புவதற்கு மட்டும் சில துளி பெற்றோல். கரும்புகை கக்கிக்கொண்டு மணமக்களையும் நோயாளிகளையும் ஏற்றிச் சென்ற அந்தக் கார்கள் அப்போதே முப்பது, நாற்பது வயதைக் கடந்தவை. அவ்வாறு இருபது ஆண்டு வைத்திருக்கப் போகிறவனுக்குக் கணக்கு மாறும். 12 இலட்சம் வட்டி இருபதாண்டிலே பரந்து, மாதம் 5,000 ரூபாவாக மெலிந்துவிடும். காரை வைத்தே சம்பாதிக்கிறவனுக்கும் மாறும். வாடகை ஓடுபவனுக்குக் கார் என்பது பனங்காணி, அது விளைவு தரும். ஐந்தாண்டுக்கொருமுறை புதுக்கார் மாற்ற விரும்பும் சம்பளக்காரனுக்கே 14 வீதம் முழுப் பாரமாக விழுகிறது.

இவ்வளவும் கேட்டிருந்த மனைவி அப்போதுதான் வாய் திறந்தார்.

"காணியை விக்க எனக்கும் விருப்பமில்லை சேர். ஆனால் மாரியில பிள்ளையையும் கொண்டு விடியக்காலமை பஸ்சுக்கு நிக்கிறனே, அதை எந்தக் கணக்கில போடுறது?"

அது நியாயமான கேள்வி. என் கடதாசியிலே அதற்கு ஒரு வரியும் இருக்கவில்லை. புதிதாக ஒரு கடதாசி எடுத்தோம். வங்கியிலே அவர்களுக்கு 12 இலட்சம் சேமிப்பு இருந்தது. 24 இலட்சத்துக்குப் பழைய சிறிய கார் ஒன்று பார்த்து, மிச்சம் 12 இலட்சத்துக்கு அதே வீதத்தில் லீசிங் எடுத்தால் தவணை 28,000. மொத்தம் 28,80,000 ரூபா செலவாகும். ஐந்தாண்டு கழித்து 18 இலட்சத்துக்கு விற்றால் மாதம் 18,000 ரூபா. பழைய காருக்கு வட்டி சற்றுக் கூடக் கேட்பார்கள், பழுதுபார்ப்பும் வரும். மாதம் 25,000 என்றே வைத்தோம். 60,000 எங்கே, 25,000 எங்கே? சேமிப்பு முழுதும் கரைந்துவிடும் என்பது இதன் குறை. அதைக் கணவர் சொல்லுமுன் மனைவியே சொன்னார். ஐப்பசி முதல் மார்கழி வரை மட்டும் ஒழுங்கையிலுள்ள முச்சக்கரவண்டிக்காரரை மாதக் கூலிக்கு அமர்த்துவது மூன்றாவது வழி. அதற்குக் கணவர் முகம் கோணினார். முற்றத்திலே கார் நிற்பதன் பெறுமதியையும் ஏதோவொரு வரியில் எழுதத்தான் வேண்டும் போலும். தலைக்கு எவ்வளவு என்று அவரே நிர்ணயிக்கட்டும் என்று அந்த இடத்தை வெறுமையாக விட்டேன்.

காணி உறுதி இப்போதும் அலுமாரியிலேதான் இருக்கிறது. வருகிற ஞாயிற்றுக்கிழமை சுன்னாகத்தில் பழைய கார் ஒன்றைப் பார்க்கப் போகிறார்கள். தெரிந்த மெக்கானிக் ஒருவரையும் கூட்டிக்கொண்டு போகுமாறும், பதிவுப் புத்தகத்தில் முழுமையான உரிமையாளர் என்ற இடத்தில் யாருடைய பெயர் இருக்கிறதென்று முதலில் பார்க்குமாறும் சொல்லியிருக்கிறேன்.