மலையைச் சுற்றும் மிதிவண்டி

காளஹஸ்திக்கு வருவோரில் பெரும்பாலோர் மூன்று மணி நேரத்திற்கு மேல் அவ்வூரில் தங்குவதில்லை. ராகு கேது பூசையை முடித்து, காளத்திநாதரையும் ஞானப்பூங்கோதையையும் வணங்கி, திருப்பதிக்கோ சென்னைக்கோ வண்டியேறிவிடுகின்றனர். நாங்களும் பலமுறை அவ்வாறே திரும்பியவர்கள்தாம். இம்முறை, தை மாதக் கடைசியில், ஓர் இரவு தங்கினோம். காரின் கூரைமேல் கட்டிக் கொண்டுசென்ற மிதிவண்டிகளே அதற்குக் காரணம்.

கோயிலை ஒட்டி எழும் கைலாசகிரியை அடியார்கள் ஆண்டுக்கு இருமுறை வலம் வருகின்றனர். பொங்கலுக்கு மறுநாள், ஆந்திர மக்கள் கனுமா என்று கொண்டாடும் நாளில் ஒருமுறை. மகாசிவராத்திரிப் பிரம்மோற்சவத்தின்போது ஒருமுறை. உற்சவ மூர்த்திகளும் உடன் எழுந்தருள, 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட அந்தச் சுற்றில் ஆயிரக்கணக்கானோர் நடக்கின்றனர். எஞ்சிய நாட்களில் அந்தப் பாதை என்ன செய்கிறது என்று அறியும் ஆவலே எங்களை அங்கே இழுத்தது.

உடன் வந்தவர்களில் ஒருவர் உள்ளூர்க்காரர். எழுபதைக் கடந்த ஓய்வு பெற்ற ஆசிரியர். ஊருக்கு வெளியே இருந்த பள்ளிக்கு முப்பது ஆண்டுகள் மிதிவண்டியிலேயே சென்றுவந்தவர். சாலை அகலமாகி, வண்டிகளின் வேகமும் கூடியபின், ஒரு மாலையில் லாரி ஒன்று உரசினாற்போல் கடந்து செல்ல, நிலைதடுமாறிப் பள்ளத்தில் விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. கை கூடிவிட்டது, ஆனால் பிள்ளைகள் மிதிவண்டியை மாடியில் ஏற்றிப் பூட்டிவிட்டனர். “மூணு வருஷமாச்சு சார். வண்டி மேல இருக்கு, நான் கீழ இருக்கேன்” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அன்று காலை அந்த வண்டி மாடியிலிருந்து இறங்கியிருந்தது. சங்கிலிக்கு எண்ணெய் இட்டதும், முன்சக்கரத்தின் டியூபை மாற்றியதும் அவரே.

இவரைப் போன்றோரை மனத்தில் வைத்துப் பாதை அமைத்த நாடு ஒன்று உண்டு. பிரான்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியில் ஜிவ்ரி, க்ளூனி என்னும் இரண்டு ஊர்களுக்கு இடையே இரயில் ஓடாமல் நின்றுபோன தடம் ஒன்று இருந்தது. தண்டவாளம் போன இடத்தைச் சமன்செய்து, 1997ஆம் ஆண்டு 44 கிலோமீட்டர் நீளத்திற்கு நடப்போருக்கும் மிதிவண்டிக்காரர்களுக்கும் மட்டுமேயான வழியாக அதைத் திறந்தனர். ‘பசுமை வழி’ என்று பொருள்படும் பெயரில் அந்நாட்டில் உருவான முதல் பாதை அதுவே. 2004ஆம் ஆண்டு அந்நாட்டுச் சாலைவிதிகளிலேயே இத்தகைய வழிக்கு இடம் கிடைத்தது. மோட்டார் வண்டிகளுக்கு அங்கே அனுமதியில்லை.

பழைய இரயில் தடத்தைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு நுட்பம் இருக்கிறது. நீராவி எஞ்சினால் செங்குத்தான ஏற்றத்தில் ஏற இயலாது. ஆதலால் தடம் போட்டவர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் ஏற்றத்தை மிக மென்மையாக்கியிருந்தனர். எஞ்சினுக்காகச் செய்த அந்த ஏற்பாடு, இன்று எட்டு வயதுப் பேரனும் எழுபது வயதுத் தாத்தாவும் மூச்சு வாங்காமல் ஒன்றாக மிதிப்பதற்கு உதவுகிறது.

கால்வாய்க்கரைகளும் அப்படியே. துலூஸ் நகரையும் மத்தியதரைக் கடலையும் இணைக்கும் மிதி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளமுள்ளது. ரிக்கே என்பவரின் முயற்சியால் 1666இல் தொடங்கி 1681இல் திறக்கப்பட்டது. அந்நாளில் படகுகளைக் குதிரைகள் கரையிலிருந்து கயிறு கட்டி இழுத்தன. குதிரை நடந்த கரையில் இன்று மிதிவண்டி ஓடுகிறது. துலூஸிலிருந்து முதல் 50 கிலோமீட்டர் வழவழப்பான தளம். அதற்கப்பால் பல இடங்களில் வேர்கள் துருத்தும் மண்பாதைதான். நிழல் தந்த பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் பற்றிக்கொண்டதால், பல்லாயிரம் மரங்களை வெட்டிவிட்டு வேறு கன்றுகளை நட்டுவருகின்றனர். கோடையில் செல்வோர் பழைய புகைப்படத்தை நம்பித் தொப்பியின்றிப் போய்விட வேண்டாம். லுவார் ஆற்றை ஒட்டிய பயணப் பாதையோ ஏறத்தாழ 900 கிலோமீட்டர். அதில் தனிப்பாதையும் வண்டி குறைந்த கிராமச் சாலையும் மாறி மாறி வரும்.

நம் பக்கத்திலும் முயற்சிகள் இல்லாமலில்லை. ஐதராபாத்தின் வெளிவட்டச் சாலையை ஒட்டி, சூரிய மின்தகடுகளையே கூரையாக வேய்ந்த 23 கிலோமீட்டர் மிதிவண்டித் தடம் 2023 அக்டோபரில் திறக்கப்பட்டது. பாராட்டத்தக்கதே. எனினும் பெருநகரின் பணமும் இடமும் சிற்றூர்களுக்குக் கிட்டுவதில்லை. பிரான்சின் வழி நமக்கு நெருக்கமாகத் தோன்றுவதற்குக் காரணம், அவர்கள் புதிதாக எதையும் எழுப்பவில்லை என்பதே. வேறொரு வேலைக்காக முன்னரே இருந்த வழியை விட்டுவிடாமல் வைத்துக்கொண்டனர், அவ்வளவுதான்.

காளஹஸ்தியில் அத்தகைய வழிகள் உண்டா? விடியுமுன் சுவர்ணமுகிக் கரையில் இருந்து புறப்பட்டோம். அகன்ற மணற்பரப்பின் நடுவே நீர் மெலிந்து ஓடிக்கொண்டிருந்தது. இவ்வூர்க் கலம்காரித் துணிகள் கடுக்காயும் எருமைப் பாலும் ஊறி, வண்ணம் ஏறி, அலசப்படுவது இத்தகைய ஓடும் நீரில்தான். ஆற்றில் நீர் வற்றினால் அந்தக் கைத்தொழிலுக்கும் தவிப்பு.

ஊரைத் தாண்டியதும் ஓசை அடங்கியது. கிரிவலப் பாதை முழுவதும் வாகனமற்றது என்று சொல்லமாட்டோம். நெல்மூட்டை ஏற்றிய டிராக்டர் ஒன்றும் பால்காரரின் இருசக்கர வண்டி ஒன்றும் எதிர்ப்பட்டன. இருவரும் வேகம் குறைத்து, “எக்கடிகி?” என்று கேட்டுச் சென்றனர். ஆடுகள் எங்களைவிடச் சாலைவிதிகளை நன்கு அறிந்திருந்தன. ஒருபுறம் பாறைச்சரிவு, மறுபுறம் வயல். வேயிலிங்காலகோனைக்குப் பிரியும் இடத்தில் மரநிழலில் இட்லிப் பொட்டலத்தைப் பிரித்தோம். ஆசிரியர் மட்டும் இறங்காமல் சற்றுத் தொலைவு போய்த் திரும்பி வந்தார். “பிரேக் சரியா பிடிக்குதான்னு பார்த்தேன்” என்றார். பிரேக்கில் ஒரு குறையும் இல்லை என்பது எங்களுக்குத் தெரியும்.

இன்னொரு வழியும் உண்டு. கண்டலேறு நீர்த்தேக்கத்திலிருந்து பூண்டிக்குக் கிருஷ்ணா நீரைக் கொண்டுவரும் கால்வாய் இப்பகுதியின் ஊடாகவே செல்கிறது. 1983ஆம் ஆண்டு ஒப்பந்தத்தால் பிறந்து, 1996இல் தமிழகத்தை எட்டிய அது, ஆந்திர எல்லைக்குள் மட்டும் 152 கிலோமீட்டர் ஓடுகிறது. கரையை ஒட்டிய ஆய்வுப்பாதை பார்ப்பதற்கு மிதி கால்வாயின் தங்கையைப் போன்றது. ஆனால் அது நீர்வளத் துறையினரின் பணிக்கானது. உல்லாசப் பாதை அன்று. உள்ளூர் அலுவலரிடம் கேட்காமல் இறங்குதல் கூடாது. சிமென்ட் பூசிய சரிவுகள் வழுக்கும். விழுந்தவர் பற்றி ஏற ஒரு பிடி இராது. பிள்ளைகளுடன் செல்வோர் இதை மறக்க வேண்டாம். வேலியும் படியும் அமைத்துச் சில கிலோமீட்டரையேனும் மக்களுக்குத் திறந்துவிட்டால் எத்துணை நன்றாயிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

செல்ல விரும்பும் வாடிக்கையாளர்களுக்குச் சில குறிப்புகள். ஜனவரி, பிப்ரவரி மாதங்களே காளஹஸ்திக்கு ஏற்றவை. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை, சித்திரைக்கு மேல் கொடும் வெயில். ஆளுக்கு இரண்டு லிட்டர் நீர், காற்றடிக்கும் குழாய், பஞ்சர் ஒட்டும் பொருள்கள் உடனிருக்கட்டும். வழியில் கடைகளை நம்ப வேண்டாம். பிரான்சுக்கே செல்வோர் மிதிவண்டியை அங்கு வாடகைக்கு எடுப்பதே எளிது. வட்டார இரயில்கள் பெரும்பாலும் மிதிவண்டியை ஏற்றிக்கொள்ளும். அதிவேக இரயிலுக்கு முன்பதிவு வேண்டும். ஷெங்கன் விசாவுக்கு 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். அன்னியச் செலாவணி அட்டை இருந்தாலும், சிற்றூர்ச் சந்தைகளுக்காகச் சில யூரோத் தாள்களும் கைவசம் இருத்தல் நலம்.

எங்கள் சுற்று ஒன்பதரை மணிக்கு முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. ஊருக்குள் திரும்பும் கடைசிப் பகுதியில் பேருந்துகளும் யாத்திரிகர்களின் கார்களும் நெருக்கியடித்து வந்தன. ஆசிரியர் இறங்கிக்கொண்டார். நாங்களும் இறங்கி, சாலையோர மண்ணில் அவர் பின்னே வண்டிகளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். மலையைச் சுற்றி ஏறிய நேரத்தைவிட அந்த இரண்டு கிலோமீட்டர் நீண்டதாகப்பட்டது. வீட்டுக்கும் நல்ல பாதைக்கும் இடையே உள்ள இந்தத் துண்டுதான் அவருடைய மிதிவண்டியை மாடியில் ஏற்றியது என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. பிரான்சில் பல பசுமை வழிகள் பழைய இரயில் நிலையத்திலேயே, ஊருக்குள்ளேயே தொடங்கிவிடுகின்றன.

நாற்சந்தியில் அவருடைய மூத்த மகன் சிறு சரக்கு வண்டியுடன் காத்திருந்தார். அப்பாவின் மிதிவண்டியைத் தூக்கிப் பின்னால் வைத்துக் கயிற்றால் கட்டினார். ஆசிரியர் முடிச்சை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு, “வர்ற ஞாயித்துக்கிழமை இந்த வண்டி சும்மாதானே நிக்கும்?” என்று மகனிடம் கேட்டார்.

“காலைல அஞ்சரைக்கு மேலன்னா வேற லோடு வந்துடும்பா” என்றார் மகன்.

“நான் அஞ்சுக்கே ரெடி.”