விடியற்காலையில் குட்டை மீன்கள் வாய் பிளக்கின்றனவா? உடனே கவனியுங்கள்

பண்ணைக்குட்டையில் கட்லா, ரோகு, மிர்கால் வளர்க்கும் விவசாயிகள் நோயைக் கண்டு பயப்படுவார்கள். ஆனால், ஒரே இரவில் குட்டையையே காலி செய்யக்கூடியது ஆக்சிஜன் பற்றாக்குறைதான். மாதக்கணக்கில் தீனி போட்டு வளர்த்த மீன், விற்பனைக்குத் தயாராகும் நேரத்தில்தான் இந்த ஆபத்து அதிகம். முதல் அறிகுறியிலேயே விழித்துக்கொண்டால் தடுத்துவிடலாம்.

ஏன் ஏற்படுகிறது?

நீரைப் பச்சையாக்கும் நுண்பாசிகள் பகலில் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போல ஆக்சிஜனை எடுத்துக்கொள்கின்றன. அடியில் மட்கும் மிச்சத் தீனியும் சாணமும் தம் பங்குக்கு எடுக்கின்றன. எனவே, விடியும் முன் ஆக்சிஜன் மிகவும் குறைந்துவிடும். ஒரு லிட்டர் நீரில் 5 மில்லிகிராம் இருந்தால் மீன் நன்கு வளரும். 3-க்குக் கீழே போனால் தவிக்கும். தொடர்ந்து மேகமூட்டமாக இருந்தால் நிலைமை மோசமாகும்.

எப்படிக் கண்டறிவது?

மீன்கள் கூட்டமாக மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். பெரிய மீன்களே முதலில் சாகும். காற்றைச் சுவாசிக்கும் விரால் பிழைத்திருக்க, பெரிய கட்லா மட்டும் மிதந்தால் பெரும்பாலும் ஆக்சிஜன் பற்றாக்குறைதான். சிறிய மீன், விரால், தவளை என எல்லாமே செத்தால், பக்கத்து வயலில் அடித்த பூச்சிமருந்து கலந்திருக்கிறதா என்று பாருங்கள்.

உடனே செய்ய வேண்டியவை

* தீனியையும் சாணம் இடுவதையும் நிறுத்துங்கள்.
* ஏரேட்டர் இருந்தால் ஓட்டுங்கள். இல்லையென்றால் மோட்டார் வைத்துக் குட்டை நீரையே எடுத்து, மேலிருந்து பூவாளி போலத் தெளித்து விழச் செய்யுங்கள்.
* ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் குறைவு. அதைக் குழாயோடு உள்ளே விடாமல், பலகையில் மோதிச் சிதறி விழும்படி விடுங்கள்.
* அடிச்சேற்றைக் கலக்காதீர்கள்.
* பதற்றத்தில் சுண்ணாம்பை அள்ளிக் கொட்டாதீர்கள். நீரின் காரத்தன்மை ஏறினால் அம்மோனியாவின் நச்சும் கூடும்.

வராமல் தடுக்க

வெயில் நேரத்தில் கையை நீட்டி முழங்கை வரை நீரில் விடுங்கள். முழங்கை மூழ்கும்போது உள்ளங்கை மறைந்தால் பாசி அளவாக உள்ளது. மணிக்கட்டு மூழ்குவதற்குள் உள்ளங்கை மறைந்தால் பாசி மிகுதி. சாணத்தை நிறுத்தி, கொஞ்சம் பழைய நீரை வெளியேற்றிப் புதுநீர் விடுங்கள். தீனியைத் தட்டில் வைத்து, மிச்சம் இருந்தால் மறுநாள் குறையுங்கள். காலையில் வெயில் ஏறிய பிறகே தீனி போடுங்கள். மேகமூட்ட நாளில் பாதி போதும். குஞ்சுகளை நெருக்கமாக விடாதீர்கள். மீன் பெருத்ததும் பெரியவற்றைப் பிடித்து விற்று இடம் கொடுங்கள்.

செத்த மீனை என்ன செய்வது?

இரவில் செத்து மிதக்கும் மீனை விற்கவும் வேண்டாம், சமைக்கவும் வேண்டாம். எப்போது செத்தது, எதனால் செத்தது என்பது தெரியாது. குட்டையிலிருந்து தள்ளிக் குழி தோண்டி, சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். ஆக்சிஜன் குறைவுதான் காரணம் என்று உறுதியானால், உயிரோடு பிடித்த மீனை உடனே கழுவி, ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வீதம் அடுக்கி விற்பனைக்கு அனுப்பலாம்.

பருவமழைக் காலத்தில் விடியற்காலை 4 மணிக்கு டார்ச் அடித்து ஒருமுறை குட்டையைச் சுற்றி வாருங்கள். அந்தப் பத்து நிமிடம் உங்கள் முதலீட்டைக் காப்பாற்றும்.